கட்டட அனுமதியில் விடுபட்ட மண்: திருப்பூரை முன்வைத்து ஓர் ஆய்வு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் புதிய கட்டடம் எழுப்ப நினைப்பவர் பல அலுவலகங்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவு பக்க இடைவெளி, சாலை அகலம், தளப்பரப்பு, வாகன நிறுத்துமிடம் ஆகியவற்றைப் பார்க்கிறது. பரப்பு கூடினால் கோப்பு நகர் ஊரமைப்புத் துறைக்குப் போகிறது. தீயணைப்புத் துறை படிக்கட்டையும் வெளியேறும் வழியையும் பார்க்கிறது. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் தொழிற்சாலையின் வரைபடத்தைப் பரிசீலிக்கிறது. மனை ஓடையை ஒட்டி இருந்தால் நீர்வளத் துறையிடம் தடையின்மைச் சான்று பெற வேண்டும்.

இவை எல்லாம் தேவையான கேள்விகள்தான். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை கட்டி முடித்த கட்டடத்தைப் பற்றியவை. பொக்லைன் இறங்கும் நாளுக்கும் தரை மூடப்படும் நாளுக்கும் இடையில் சில மாதங்கள், சில இடங்களில் ஓரிரு ஆண்டுகள் ஓடுகின்றன. அந்தக் காலத்தில் மனையின் மண் திறந்தே கிடக்கிறது. மழை பெய்தால் அந்த மண் எங்கே போகும், அதை எப்படி உள்ளேயே நிறுத்துவீர்கள் என்று தனியாகக் கேட்கும் அனுமதி எதுவும் திருப்பூரில் இல்லை. அந்தக் கேள்வியைக் கட்டட அனுமதிக்குள் சேர்க்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ள விதிகளிலும் அனுபவத்திலும் அதற்கான கூறுகள் ஏற்கெனவே சிதறிக் கிடக்கின்றன.

மண் எப்படி வெளியேறுகிறது

புல்லோ செடியோ மூடியிருக்கும் நிலத்தில் மழைத்துளி முதலில் இலையில் விழுந்து வேகம் இழக்கிறது. வேர்கள் மண்ணைப் பிடித்து வைக்கின்றன. கட்டுமானத்துக்காக நிலத்தை வழித்துச் சமன் செய்யும்போது இந்த இரண்டு காப்பும் ஒரே நாளில் போய்விடுகின்றன. துளி நேராக மண்ணில் மோதித் துகள்களைப் பிரிக்கிறது. பிரிந்த துகள்கள் மேற்பரப்பின் நுண்துளைகளை அடைக்கின்றன. தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே ஓடுகிறது, ஓடும்போது மண்ணையும் எடுத்துச் செல்கிறது. டிப்பர் லாரிகள் ஏறி இறங்கி அழுத்திய தரையில் இது இன்னும் வேகமாக நடக்கிறது.

மண் அரிப்பைக் கணிக்க உலகெங்கும் பயன்படும் சமன்பாட்டை அமெரிக்க வேளாண் துறையின் விஷ்மையரும் ஸ்மித்தும் 1965இல் முழு வடிவில் வெளியிட்டார்கள். மழையின் தாக்கம், மண்ணின் தன்மை, சரிவின் நீளமும் செங்குத்தும், மேல்மூடல், தடுப்பு நடவடிக்கை என்பவை அதன் காரணிகள். மழையையும் மண்ணின் இயல்பையும் கட்டடக்காரர் மாற்ற முடியாது. சரிவையும் மூடலையும் தடுப்பையும் மாற்ற முடியும். ஓர் அனுமதியில் கேட்க வேண்டியவையும் இந்த மூன்றுதான். கட்டுமானத் தளத்திலிருந்து வெளியேறும் வண்டல் விவசாய நிலத்தில் இருப்பதைவிட 10 முதல் 20 மடங்கும், காட்டு நிலத்தில் இருப்பதைவிட 1,000 முதல் 2,000 மடங்கும் அதிகம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தன் விளக்கக் குறிப்பில் சொல்கிறது.

இதைத் திருப்பூரின் கணக்கில் பார்க்கலாம். ஒரு ஏக்கர் மனையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதன்மேல் விழும் தண்ணீர் சுமார் 40,000 லிட்டர். அந்த மனையில் ஒரே ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு மண் கரைந்து போனால், அது ஏறக்குறைய நான்கு கன மீட்டர். லாரிக்காரர் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றரை யூனிட். கண்ணுக்குத் தரையில் எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் அந்த ஒன்றரை யூனிட் மண் தெருவின் மழைநீர் வடிகாலில் இருக்கும்.

திருப்பூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் இருக்கிறது. ஆண்டு மழை சுமார் 600 முதல் 700 மில்லிமீட்டர்தான். மழை குறைந்த ஊரில் மண் அரிப்பு எப்படிப் பிரச்சினை ஆகும் என்று கேட்கலாம். ஆண்டின் மொத்த மழையைவிட அது பெய்யும் விதம்தான் இங்கே முக்கியம். மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில், சில கனத்த பொழிவுகளாக வந்துவிடுகிறது. மீதி மாதங்களில் நிலம் காய்ந்து பொடியாகிக் கிடக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று அந்தப் பொடியைத் தூக்குகிறது. பல்லடம், தாராபுரம், உடுமலைப் பகுதிகளில் காற்றாலைகள் பெருகியதற்குக் காரணமான அதே காற்று இது. ஆக, இங்கே மண் இரண்டு பருவங்களில் இரண்டு வழிகளில் வெளியேறுகிறது: ஆடியில் தூசியாக, ஐப்பசியில் சேறாக. வெள்ளைத் துணியை வெட்டித் தைத்து ஏற்றுமதி செய்யும் ஊருக்குத் தூசியும் தொழில் சார்ந்த கவலைதான்.

போய்ச் சேரும் இடம்

திருப்பூரின் மழைநீர் பல பள்ளங்கள் வழியாக நொய்யலை அடைகிறது. ஜம்மனை ஓடை, சங்கிலிப்பள்ளம், நல்லாறு என்று ஊர்க்காரர்கள் அறிந்த பெயர்கள் பல. வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் நொய்யல் கோவை, சூலூர் வழியாகத் திருப்பூருக்கு வந்து, ஒரத்துப்பாளையம் அணையைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. இந்த ஆற்றின் கதையைச் சாயக்கழிவின் கதையாகவே நாம் பேசிப் பழகியிருக்கிறோம். அது நியாயமும்கூட. ஆனால் சாயம் நிற்பதற்கு முன்னும் பின்னும் ஆற்றுக்குள் மண் வந்துகொண்டே இருக்கிறது.

கரைந்த மண்ணின் எல்லாத் துகளும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. பருமணல் தெருமுனைச் சாக்கடையிலேயே படிந்துவிடும். 0.01 மில்லிமீட்டர் அளவுள்ள வண்டல் துகள், அசைவற்ற நீரிலேயே ஒரு மீட்டர் ஆழம் இறங்க சுமார் மூன்று மணி நேரம் எடுக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள களிமண் துகளுக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். ஓடும் நீரில் அது இறங்காது. ஆகவே மணல் வடிகாலை அடைக்கிறது. வண்டல் ஓடையின் ஆழத்தைக் குறைக்கிறது. களிமண் குளம்வரை போய் நீரைக் கலக்குகிறது. கலங்கிய நீரில் வெளிச்சம் இறங்காது. நீர்த்தாவரம் குறையும், அதைச் சார்ந்த மீனும் பறவையும் குறையும்.

திருப்பூருக்கு இந்தக் கவலை இன்று கூடுதலாக உண்டு. சர்க்கார் பெரியபாளையத்தை ஒட்டியுள்ள நஞ்சராயன் குளம் 2022இல் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் அது ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. சுமார் 125 ஹெக்டேர் பரப்புள்ள அந்தக் குளம் நல்லாற்று வடிகாலில் வரும் மழைநீரை நம்பியிருக்கிறது. நல்லாற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் எழும் ஒவ்வொரு கட்டடத்தின் கடைக்கால் மண்ணும் அந்தக் குளத்தின் கொள்ளளவோடு தொடர்புடையது.

2011 நவம்பர் கனமழையில் திருப்பூரின் பள்ளங்கள் பெருக்கெடுத்துக் கரையோர வீடுகளை அடித்துச் சென்றன, உயிர்கள் போயின. அந்தத் துயரத்துக்குக் கட்டுமான மண்தான் காரணம் என்று சொல்வது சரியாகாது. ஓடைகள் குறுகியதும், கரையிலேயே ஏழைகள் குடியிருக்க நேர்ந்ததும் அதன் பெரிய காரணங்கள். ஆனால் ஏற்கெனவே குறுகிய ஓர் ஓடைக்குள் மண்ணும் சேர்ந்தால் அது தாங்கும் வெள்ளத்தின் அளவு இன்னும் குறைகிறது. ஒவ்வொரு பருவமழைக்கு முன்னும் பொதுப்பணத்தில் வடிகாலைத் தூர்வாருகிறோம். அப்படி அள்ளும் மண்ணில் ஒரு பகுதி, யாரோ ஒருவர் தன் மனையில் நிறுத்தியிருக்க வேண்டிய மண்.

சட்டத்தில் இருப்பதும் இல்லாததும்

தமிழ்நாட்டில் கட்டட அனுமதிக்கு அடிப்படை 2019 பிப்ரவரியில் வெளியான தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். மழைநீர் சேகரிப்பு அதன் கட்டாயக் கூறுகளில் ஒன்று. 2003இல் ஓர் அவசரச் சட்டம் மூலம் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் இது. கூரையில் விழும் தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்வியை வரைபடத்துக்குள் கொண்டுவந்தது அந்த நடவடிக்கைதான். ஆனால் அது கூரை போட்ட பிறகு வரும் தண்ணீரைப் பற்றியது. கூரை இல்லாத மாதங்களின் தண்ணீர் அதற்குள் வரவில்லை.

பெரிய கட்டடங்களுக்கு நிலைமை வேறு. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேல் கட்டுமானப் பரப்புள்ள திட்டங்களுக்கு முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி தேவை. அந்த அனுமதிகளில் வழக்கமாக இடம்பெறும் நிபந்தனைகளில் மேல்மண்ணைத் தனியே வழித்தெடுத்துச் சேமித்து, பின்னர் அதே மனையில் பசுமைப் பரப்புக்குப் பயன்படுத்த வேண்டும் என்பதும் உண்டு. ஆனால் திருப்பூரின் வார்ப்பு வேறு. இங்கே பெரும்பாலான கட்டடங்கள் சிறியவை, நடுத்தரமானவை: ஒரு நிட்டிங் கூடம், நான்கு மாடித் தையல் கூடம், தொழிலாளர் விடுதி, குடோன். அவை ஒவ்வொன்றும் 20,000 சதுர மீட்டர் எல்லைக்குள் நின்றுவிடுகின்றன. தனித்தனியாகச் சிறியவை, சேர்த்துப் பார்த்தால் ஒரு முழு நீர்ப்பிடிப்புப் பகுதி.

2016 மார்ச்சில் வெளியான கட்டுமான, இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகள் இன்னும் நெருக்கமாக வந்தன. ஒரு நாளில் 20 டன்னுக்கு மேலோ, ஒரு திட்டத்தில் மாதம் 300 டன்னுக்கு மேலோ கழிவு உண்டாக்குபவர் அதை வகைபிரிக்க வேண்டும். வேலை தொடங்கும் முன்பே கழிவு மேலாண்மைத் திட்டம் தந்து உள்ளாட்சியிடம் ஒப்புதல் பெற வேண்டும் என்று அவை கூறின. பிரிக்க வேண்டிய வகைகளில் மண்ணும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டது. வடிகால்களில் தடை ஏற்படும்படி எதையும் கொட்டக் கூடாது என்றும் அந்த விதிகள் சொல்லின. 20 டன் என்பது பெரிய அளவல்ல. இரண்டு டிப்பர் லோடு மண் அதைத் தாண்டிவிடும். ஒரு ஏக்கரில் மூன்று மீட்டர் ஆழத்துக்கு அடித்தளம் தோண்டினால் வெளியே வரும் மண் ஏறத்தாழ 12,000 கன மீட்டர். இந்த 2016 விதிகளின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருமாறு 2025இல் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டன. அவை சுமத்தும் நீட்டிக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பும் 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களையே குறிவைக்கிறது.

தூசிக்கும் ஒரு விதி இருக்கிறது. 2018 ஜனவரி 25 அன்று மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளைத் திருத்தியது. காற்றில் நுண்துகள் அளவு வரம்பை மீறும் நகரங்களில், போதிய தூசித் தடுப்பு இல்லாமல் மண் தோண்டக் கூடாது, தளர்ந்த மண்ணை மூடாமல் விடக் கூடாது, செய்திருக்கும் ஏற்பாடுகளைத் தளத்தில் எழுதி வைக்க வேண்டும் என்பவை அதன் கூறுகள்.

இன்னும் இரண்டு நடைமுறைகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். தோண்டிய மண்ணை லாரியில் ஏற்றி வெளியே கொண்டுபோகக் கனிமவளத் துறையின் அனுமதியும் நடைச்சீட்டும் வேண்டும். அதே மண் மழையில் கரைந்து வடிகால் வழியாகப் போனால் யாருடைய பதிவேட்டிலும் ஏறுவதில்லை. நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று, மனைக்குள் வெள்ளம் புகுமா என்று பார்க்கிறது. தேவைப்பட்டால் மனையை உயர்த்தச் சொல்கிறது. உயர்த்தக் கொட்டும் கிராவல் அருகிலுள்ள ஓடைக்குள் சரியாமல் இருக்க என்ன ஏற்பாடு என்ற கேள்வியும் அதே சான்றில் இருக்க வேண்டியது. துறைகள் ஒவ்வொன்றும் மண்ணின் ஒரு பக்கத்தைத் தொடுகின்றன. மழையில் போகும் மண்ணை மட்டும் ஒருவரும் கையில் எடுக்கவில்லை.

அதே ஆற்றின் தலைப்பகுதியில்

மண்ணைக் காப்பது பற்றிக் கட்டட அனுமதியில் கேட்கும் வழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1990இல் அமைக்கப்பட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்புக்குள் வரும் கிராமங்களில், வரையறுக்கப்பட்ட கட்டுமானங்களுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மண் பாதுகாப்பு நோக்கிலும், புவியியல் மற்றும் சுரங்கத் துறை நிலத்தின் உறுதி நோக்கிலும், வனத்துறை தன் நோக்கிலும் கருத்துத் தர வேண்டும். நீலகிரி 1978, 1979, 1993, 2009 ஆண்டுகளில் நிலச்சரிவுகளைக் கண்ட மாவட்டம். 2009 நவம்பரில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மண் சரிந்தால் உயிர் போகும் என்பது கண்முன் தெரியும் இடத்தில் அந்தக் கேள்வி கட்டட அனுமதிக்குள் இருக்கிறது.

இந்தக் குழுமத்தின் வரம்பு நீலகிரியோடு நிற்கவில்லை. கோவை மாவட்டத்தில் வெள்ளியங்கிரி அடிவாரத்து இக்கரைப் போளுவாம்பட்டியும் அதற்குள் வருகிறது. நொய்யல் பிறக்கும் நிலம் அது. ஆற்றின் தலைப்பகுதியில் கட்டடம் எழுப்புபவரிடம் மண் பாதுகாப்புக் கருத்து கேட்கிறோம். அதே ஆறு சமவெளியில் இறங்கி, பல்லாயிரம் கட்டடங்களுக்கு நடுவே ஓடும் திருப்பூரில் கேட்பதில்லை. சமவெளியில் மண் சரிந்து யாரையும் மூடுவதில்லை. மெதுவாகப் போகிறது, வடிகால் அடைத்த பிறகே தெரிகிறது. மெதுவாக நடப்பதால் அதன் சேதம் குறைந்துவிடுவதில்லை. யார் மேல் பொறுப்பு என்பது மட்டும் மறைந்துபோகிறது.

பிற நாடுகள் கேட்பது

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 1970இலேயே மாநிலம் முழுவதற்குமான வண்டல் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நாடு தழுவிய நிலையில், 1990இல் வந்த மழைநீர் விதி ஐந்து ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள கட்டுமானத் தளங்களுக்கு அனுமதியைக் கட்டாயமாக்கியது. 1999இல் வந்த இரண்டாம் கட்ட விதி அந்த வரம்பை ஒரு ஏக்கராகக் குறைத்து, 2003 முதல் நடைமுறைக்கு வந்தது. பல நகராட்சிகள் தங்கள் சொந்த அனுமதியையும் சேர்த்துக் கேட்கின்றன. விண்ணப்பதாரர் தர வேண்டியது ஒரு வரைபடம்: தண்ணீர் எந்தத் திசையில் ஓடுகிறது, எங்கே வெளியேறுகிறது, தடுப்பு எங்கே, மண் குவியல் எங்கே, லாரி எந்த வழியாக வெளியே வரும், எந்தக் கட்டம் எந்த மாதத்தில். வேலை நடக்கும் காலத்தில் குறித்த நாட்களிலும், மழைக்குப் பின்னும் தளத்தைப் பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும்.

நமக்கு இன்னும் நெருக்கமான பாடம் சிங்கப்பூர். வெப்பமண்டல மழை; தமிழ்நாட்டிலிருந்து போன ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் உழைக்கும் கட்டுமானத் துறை. அங்கே பொதுப் பயனீட்டுக் கழகம், தகுதி பெற்ற மண் அரிப்புக் கட்டுப்பாட்டு நிபுணர் கையெழுத்திட்ட திட்டம் இல்லாமல் மண் வேலையைத் தொடங்க விடுவதில்லை. தளத்திலிருந்து பொது வடிகாலுக்குள் விடப்படும் நீரில் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வெளியேறும் வாயைக் கண்காணிப்புக் கேமரா பார்க்கிறது. திறந்த மண்ணை விரிப்பால் மூடுவது, சுற்றிலும் வெட்டுவாய்க்கால், வண்டல் தடுப்பு வேலி, தெளியவைக்கும் தொட்டி ஆகிய வேலைகளைத் தங்கள் கையால் செய்த தமிழர்கள் ஊர் திரும்பி நம்மிடையே கொத்தனார்களாகவும் மேஸ்திரிகளாகவும் இருக்கிறார்கள். இந்த அறிவு நமக்கு அந்நியமானது அல்ல.

திருப்பூருக்கான வடிவம்

அந்த நாடுகளின் விதியை அப்படியே இங்கே ஒட்ட வேண்டியதில்லை. திருப்பூரின் மனை அளவுக்கும் மழைக்கும் ஏற்ப, இப்போதுள்ள அனுமதி விண்ணப்பத்தோடு சேர்க்கும் ஒரு மண் காப்புத் திட்டம் போதும்.

முதலாவது, வரம்பு. 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் இணையத்திலேயே உடனடி அனுமதி பெறுகிறார்கள். அவர்களிடம் வரைபடம் கேட்க வேண்டாம்; மண்ணையும் ஜல்லியையும் வடிகாலில் விடமாட்டேன் என்ற உறுதிமொழி போதும். கால் ஏக்கருக்கு மேல் நிலத்தைத் திறப்பவரும், நிலத்தடித் தளம் தோண்டுபவரும், ஓடை அல்லது குளத்தை ஒட்டிக் கட்டுபவரும் திட்டம் தர வேண்டும்.

இரண்டாவது, காலம். ஆழமான தோண்டுதலையும் மனையை உயர்த்தும் வேலையையும் தை முதல் ஆவணிக்குள் முடிக்கத் திட்டமிட வேண்டும். முடியாவிட்டால், பருவமழைக்கு முன் எந்தப் பகுதியை எதைக் கொண்டு மூடுவார் என்று எழுதித் தர வேண்டும். செலவில்லாமல் அதிக மண்ணைக் காப்பது இந்த ஓர் ஏற்பாடுதான்.

மூன்றாவது, ஏற்பாடுகள். மேட்டிலிருந்து வரும் தண்ணீரைத் திறந்த மண்ணைத் தொடாமல் திருப்பிவிடும் வாய்க்கால். தாழ்ந்த பக்கத்தில் மண்ணில் ஊன்றிய தடுப்பு வேலி. நூறு அடி நீள வேலிக்குக் கால் ஏக்கருக்கு மேல் நீர் வரக் கூடாது என்பது துறையில் உள்ள பொதுக் கணக்கு. லாரி வெளியேற ஒரே வாசல், அதில் டயரின் சேற்றை உதிர்க்கும் அளவு நீளத்துக்குப் பெருஜல்லிப் படுகை. வடிகாலிலிருந்து விலகி வைத்து, தார்ப்பாய் போட்டு மூடிய மண் குவியல். தண்ணீர் வெளியேறும் முன் தங்கித் தெளிய ஒரு குழி. ஏக்கருக்கு 3,600 கன அடி என்பது அமெரிக்க அனுமதியில் உள்ள அளவு. ஒரு ஏக்கரில் ஓர் அங்குல மழை தரும் தண்ணீர் அது. அடித்தளக் குழியில் தேங்கும் சேற்றுநீரை மோட்டார் வைத்து நேரே சாக்கடைக்குள் இறைப்பதைத் திட்டம் வெளிப்படையாகத் தடுக்க வேண்டும்.

இதற்கான பொருளும் பக்கத்திலேயே இருக்கிறது. பொள்ளாச்சி, உடுமலை, காங்கயம் வட்டாரத்தில் தென்னை நார் தொழில் பெரிய அளவில் நடக்கிறது. தென்னை நாரில் பின்னிய புவித்துணி உலகின் பல நாடுகளில் சரிவு மண்ணைப் பிடித்து வைக்கப் பயன்படுகிறது. 2020இல் பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் அதைப் பயன்படுத்த ஒப்புதல் கிடைத்தது. சில ஆண்டுகள் தாங்கி, பிறகு மண்ணோடு மட்கிவிடும். கட்டுமான வேலை முடியும்வரை அது போதும்.

நான்காவது, ஆய்வு. கட்டடம் பிளிந்த் மட்டத்துக்கு வந்த பிறகு பார்ப்பது மண்ணுக்குப் பயன்படாது. அதற்குள் மண் போயிருக்கும். தடுப்புகளை அமைத்த பிறகே தோண்டத் தொடங்க வேண்டும். பதிவு பெற்ற பொறியாளர் இடக்குறிப்புள்ள படத்தை இணையத்தில் ஏற்றினால் வேலையைத் தொடங்கலாம். பருவமழைக் காலத்தில் ஒவ்வொரு கனமழைக்குப் பின்னும் இன்னொரு படம். மாநகராட்சி அவற்றில் சிலவற்றை மட்டும் நேரில் சரிபார்த்தால் போதும். தளத்து வாசலில் திட்டத்தின் சுருக்கம் தமிழில் எழுதப்பட்டிருக்க வேண்டும், அண்டை வீட்டார் படித்துக் கேள்வி கேட்கும்படி.

ஐந்தாவது, வைப்புத்தொகை. மனையின் பரப்புக்கு ஏற்ற ஒரு தொகையை விண்ணப்பதாரர் செலுத்துகிறார். தெருவும் வடிகாலும் சுத்தமாக இருந்தால் பணிமுடிவுச் சான்றோடு அது திரும்பக் கிடைக்கும். இல்லையென்றால் தூர்வாரும் செலவு அதிலிருந்து கழியும். இப்போது எல்லாரும் வரியில் கட்டும் செலவு, மண்ணை விட்டவரிடமே போய்ச் சேரும்.

மறுப்புகள்

ஏற்கெனவே அனுமதிக்காக அலையும் சிறு தொழில்முனைவோருக்கு இது இன்னொரு சுமை என்பது நியாயமான மறுப்பு. அதனால்தான் தனி அலுவலகமோ தனிக் கோப்போ வேண்டாம் என்கிறேன். ஒரே விண்ணப்பம், ஒரே இணையதளம், பொறியாளரின் சான்று. அதிகாரியின் விருப்பத்துக்கு விடாமல், என்ன இருக்க வேண்டும் என்பது பட்டியலாக அச்சிடப்பட்டிருந்தால், தாமதத்துக்கும் கையூட்டுக்கும் இடம் குறையும்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. ஊரில் தோண்டுவது தனியார் மட்டும் அல்ல, அரசும்தான்: பாதாளச் சாக்கடை, குடிநீர்க் குழாய், சாலை விரிவாக்கம். இந்த விதி முதலில் அந்த ஒப்பந்தப்புள்ளிகளில் எழுதப்பட வேண்டும். தன் குழியைச் சுற்றி மாநகராட்சி தடுப்பு வைத்த பிறகுதான் குடிமக்களிடம் கேட்கும் தகுதி அதற்கு வரும். ஒப்பந்ததாரர்கள் இந்த வேலையைக் கற்றுக்கொள்ளும் பள்ளியாகவும் அதுவே அமையும்.

இந்த ஊருக்கு ஒரு முன்னனுபவம் இருக்கிறது. சாயக்கழிவை ஆற்றில் விடுவதை எதிர்த்து நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அந்த வழியிலேயே நின்றது. உத்தரவுகள் நிறைவேறாத நிலையில் 2011 ஜனவரி 28 அன்று எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. வேலையும் வருமானமும் இழந்த மாதங்களைத் திருப்பூர் மறக்கவில்லை. பிறகு கழிவுநீரை வெளியே விடாத முறைக்கு மாறி, அதையே தன் பெருமையாக உலகச் சந்தையில் சொல்கிறது. ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் அந்த ஊர், சாயத்தில் தாமதமாகச் செய்ததை மண்ணில் முன்கூட்டியே செய்ய முடியும். அதன் செலவு சாயக்கழிவைச் சுத்திகரிக்கும் செலவோடு ஒப்பிடும் அளவில்கூட இல்லை: வாய்க்கால், விரிப்பு, ஜல்லி, ஒரு குழி, சரியான மாதம்.

திருப்பூர் மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானத்தின் மூலம் தன் சொந்த ஒப்பந்தங்களிலிருந்து இதைத் தொடங்கலாம். நகர் ஊரமைப்புத் துறை 2019 விதிகளில் மண் காப்புத் திட்டத்தை ஓர் இணைப்பாகச் சேர்க்கலாம். ஏற்றுமதியாளர் அமைப்புகள் தங்கள் உறுப்பினர்கள் எழுப்பும் புதிய கட்டடங்களில் சட்டத்துக்கு முன்பே இதை நடைமுறைப்படுத்தலாம். மனை வாங்கி வரைபடம் தயாரித்துக்கொண்டிருக்கும் வாசகர் யாராக இருந்தாலும், அடுத்த முறை பொறியாளரைச் சந்திக்கும்போது ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள்: ஐப்பசி மழை வரும்போது நம் மண் நம் மனையிலேயே இருக்க என்ன செய்திருக்கிறோம்?